கம்பனி வைஃபையிலும் ஹொஸ்டல் வைஃபையிலும் நம் வானொலி கேட்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சின்ன அளவில் இணைய வானொலி நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாமாங்கத் தீர்த்தம், வைகாசிச் சடங்கு, விடிய விடிய நடக்கிற கூத்து, பள்ளிவாசல் பயான், மரண அறிவித்தல் என்று நாங்கள் அனுப்புகிறதைக் காத்திருந்து கேட்கிற ஆட்களில் பெரும்பங்கு ஊரில் இல்லை. தோஹா, ரியாத், துபாய், சூரிச், இலண்டன் என்று இருக்கிறார்கள், இல்லையென்றால் கொழும்பில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பாவிக்கிற இணைப்பு கம்பனியுடையது, தொழிலாளர் தங்குகிற காம்பினுடையது, ஆஸ்பத்திரியுடையது. அதில் ஒரு செட்டிங்கைக்கூட அவர்களால் மாற்ற ஏலாது. மாற்ற வேண்டியவர்கள் நாங்கள்தான், அதையும் சேர்வரில் ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டால் எல்லாருக்கும் சேர்த்துச் சரியாகிவிடும்.

எனக்கு இங்கே நன்றாகக் கேட்கிறது. வெளிநாட்டில் இருக்கிற தம்பிக்கு மட்டும் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

வட்ஸ்அப்பில் வருகிற முறைப்பாடு அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும்: "அண்ணே, பிளே பட்டனை அமத்தினா சுத்திக்கிட்டே கிடக்கு, சத்தம் வரல்ல. ரூமுக்குப் போய் டேட்டா போட்டா கேக்குது." இந்த இரண்டு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. டேட்டாவில் கேட்கிறது என்றால் போனும் சரி, சேர்வரும் சரி, நடுவில் இருக்கிற வைஃபைதான் மறிக்கிறது.

ஒலியை நேயர்களுக்குப் பிரித்து அனுப்புகிற சேர்வர் மென்பொருள்களான ஐஸ்காஸ்ட், ஷவுட்காஸ்ட் இரண்டுமே நிறுவினவுடன் 8000 என்ற போர்ட்டில், அதாவது சேர்வரின் அந்த எண்ணுள்ள வாசலில்தான் பேசும். நிறையப் பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வீட்டு இணைப்பிலும் போன் டேட்டாவிலும் அதற்குத் தடை இல்லை என்பதால் எங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கம்பனி நெட்வேர்க்கை நிர்வகிக்கிறவர் வெளியே போக 80, 443 என்ற இரண்டு போர்ட்டை மட்டும் திறந்து மற்றதெல்லாவற்றையும் மூடிவைப்பது சாதாரண நடைமுறை. 80 சாதாரண இணையப் பக்கங்களுக்கு, 443 பூட்டுக் குறியோடு வருகிற எச்டிடிபிஎஸ் பக்கங்களுக்கு. உங்கள் இணையத்தளம் 443இல் இருப்பதால் பக்கம் திறக்கும், படம் வரும், நிகழ்ச்சி அட்டவணை வரும், சத்தம் மட்டும் வராது. அதனால்தான் நேயர் "சைட் வேலை செய்யுது, ரேடியோதான் பழுது" என்று சொல்கிறார். அவர் சொல்வது அவர் கண்ணுக்குச் சரிதான்.

போர்ட்தான் பிரச்சினை என்று எப்படி உறுதி செய்வது? நேயர் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாதே?

போகத் தேவையில்லை. நேயரிடம் மூன்று விஷயம் கேளுங்கள், பிறகு உங்கள் சேர்வர் பதிவைத் திறந்து பாருங்கள்.

கேட்க வேண்டியது: அதே போனில் டேட்டா போட்டால் கேட்கிறதா? அதே வைஃபையில் வானொலியின் இணையப் பக்கம் திறக்கிறதா? பட்டனை அமத்தினால் உடனே பிழை காட்டுகிறதா, அல்லது நிறைய நேரம் சுற்றிவிட்டு நிற்கிறதா? உடனே பிழை வந்தால் அந்த நெட்வேர்க்கைக் காவல் காக்கிற ஃபயர்வோல் "முடியாது" என்று பதில் அனுப்புகிறது, இல்லாவிட்டால் பிரவுசரே முகவரியை மறுக்கிறது. நீண்ட நேரம் சுற்றினால் அநேகமாக ஃபயர்வோல் பதிலே சொல்லாமல் தரவுப் பொதியை விழுங்குகிறது.

பிறகு ஐஸ்காஸ்டின் அக்சஸ் லொக், அதாவது யார் வந்து போனார் என்று சேர்வர் எழுதிவைக்கிற பதிவு. ஒவ்வொரு நேயரும் விலகியதும் அவருக்கு ஒரு வரி விழும், அந்த வரியின் கடைசி எண் அவர் எத்தனை விநாடி இணைந்திருந்தார் என்பதைச் சொல்லும். நேயரை வட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு "இப்போ அமத்துங்க" என்று சொல்லி, ஒரு நிமிடம் கழித்து நிறுத்தச் சொல்லிவிட்டுப் பாருங்கள். அவர் அமத்தியும் ஒரு வரியும் விழவில்லை என்றால் அவருடைய கோரிக்கை உங்கள் வாசலுக்கே வரவில்லை, அதாவது போர்ட் அல்லது பெயர் அங்கேயே தடுக்கப்படுகிறது. வரி விழுகிறது, கடைசி எண் 0 அல்லது 1 என்றால் தொடுத்த கையோடு யாரோ அறுக்கிறார்கள். மூன்றாவது வகைதான் பலரைக் குழப்புகிறது. வரி விழுகிறது, கடைசி எண் 50, 60 என்று இருக்கிறது, நேயரோ ஒரு சத்தமும் கேட்கவில்லை என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. உங்கள் ஒலியை நடுவில் இருக்கிற ஒரு ப்ரொக்சி (போக்குவரத்தை வாங்கிப் பார்த்துக் கைமாற்றுகிற சேர்வர்) ஒரு நிமிடமாக வாங்கிச் சேர்த்துக்கொண்டு இருந்தது, அவருக்கு ஒரு துளியும் கொடுக்கவில்லை. உங்கள் நேயர் எண்ணிக்கையில் அவரும் சேர்ந்துதான் இருப்பார், கேட்டதோ இல்லை. இந்த மூன்றாவது வகைக்கு மருந்து வேறு, அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அப்போ 8000ஐ 80ஆக மாற்றினால் போதாதா?

சிலருக்குக் கேட்கத் தொடங்கும், ஆனால் அதோடு நிற்காதீர்கள். காரணங்கள் நிறைய.

80இல் போகிறது மறைகுறி போட்டுப் பூட்டாத போக்குவரத்து. நடுவில் இருக்கிற ப்ரொக்சி அதைத் திறந்து பார்க்கும், ஒலி என்று கண்டால் வகையை வைத்தே வெட்டலாம், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ஃபைல் முழுதாக வரும்வரை பிடித்தும் வைக்கலாம். நேரடி ஒலிபரப்பு என்கிற ஃபைலுக்கு முடிவே இல்லை. மூட்டை கட்டின பிறகுதான் நிறுப்பேன் என்று நிற்கிறவரிடம், சூடடித்து முடியாத களத்தைக் காட்டின மாதிரி அவர் காத்துக்கொண்டே இருப்பார், நேயரும் காத்துக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது, உங்கள் இணையப் பக்கம் எச்டிடிபிஎஸ் ஆக இருந்து, அதற்குள் இருக்கிற பிளேயர் வெறும் எச்டிடிபி முகவரியைக் கூப்பிட்டால் இன்றைய பிரவுசர்கள் அதை ஒத்துக்கொள்ளாது. குரோம் 2020இலிருந்து அப்படியான ஒலி முகவரியைத் தானே எச்டிடிபிஎஸ் ஆக மாற்றிக் கூப்பிட்டுப் பார்க்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிடும். மூன்றாவது, உங்களுக்கென்று ஆப் செய்திருந்தால், ஆண்ட்ராய்ட் 9இலிருந்து வெறும் எச்டிடிபி இணைப்பு ஆரம்பத்திலேயே மூடப்பட்டிருக்கிறது, ஐபோனில் அது 2015இல் ஐஓஎஸ் 9 வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஆப் செய்பவர் அதற்கு விதிவிலக்குக் கேட்டு எழுதலாம், ஆனால் அதைவிடச் சேர்வரைத் திருத்துவது மேல்.

ஆகவே போக வேண்டிய இடம் 443, எச்டிடிபிஎஸ். 8443 என்று வேறு எண்ணில் எச்டிடிபிஎஸ் வைத்துவிட்டு "நாங்களும் எச்டிடிபிஎஸ்தான்" என்று இருக்காதீர்கள். ஸ்குவிட் போன்ற ப்ரொக்சிகளின் ஆரம்ப அமைப்பே எச்டிடிபிஎஸ் இணைப்பை 443க்கு மட்டும்தான் விடும்.

443இல் ஏற்கெனவே எங்கள் இணையத்தளம் இருக்கிறது. ஒரே சேர்வரில் இரண்டையும் எப்படி வைப்பது?

முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் மென்பொருளை வையுங்கள். ஐஸ்காஸ்ட் பின்னால் 8000இலேயே இருக்கட்டும். வெளியிலிருந்து 443க்கு வருகிறவரை என்ஜின்எக்ஸ் வாங்கி, அவர் கேட்ட பெயரைப் பார்த்து, தளத்துக்கு வந்தவரைத் தளத்துக்கும் வானொலிக்கு வந்தவரை உள்ளே 8000க்கும் அனுப்பும். வானொலிக்கென்று தனி உபபெயர் (சப்டொமைன்) ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், "கேள்" அல்லது "லைவ்" என்று தொடங்குகிற மாதிரி. பிறகு சேர்வரை மாற்றினாலும் அந்தப் பெயரை மட்டும் புது இடத்துக்குத் திருப்பலாம், நேயர் எதையும் மாற்றத் தேவையில்லை.

எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சேர்ட்டிஃபிகேட்டை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவையில் இலவசமாக எடுக்கலாம். வழமையான வழியில் எடுப்பதென்றால் அவர்களுடைய சோதனை 80 வழியாகத்தான் வரும், அதனால் 80ஐயும் திறந்தே வையுங்கள். சேர்ட்டிஃபிகேட் சில மாதங்களில் காலாவதியாகும் என்பதால் கையால் புதுப்பிக்கிற எண்ணமே வேண்டாம், சேர்ட்பொட் போன்ற மென்பொருள் ஒன்றைத் தானாக ஓட விடுங்கள். சடங்கு நடக்கிற இரவில் காலாவதியாகி எல்லாருக்கும் எச்சரிக்கைப் பக்கம் வந்தால் அந்த நேரத்தில் யாரைப் பிடிப்பது?

என்ஜின்எக்ஸில் கவனிக்க வேண்டிய வரிகள் கொஞ்சம்தான், ஆனால் விட்டால் வதைக்கும். ப்ரொக்சி பஃபரிங் என்பதை ஆஃப் ஆக்குங்கள். அது ஒன் ஆக இருந்தால் என்ஜின்எக்ஸ் உங்கள் ஒலியைத் தன் நினைவகத்திலும், மெதுவான நேயர் என்றால் தட்டிலும் சேர்க்கத் தொடங்கும். வாசிப்புக் காலக்கெடு ஆரம்பத்தில் 60 விநாடி. ஒலி தொடர்ந்து வரும்வரை அது தொந்தரவு தராது, ஆனால் ஸ்டூடியோவில் கரண்ட் போய் ஒலி நின்றுவிட்டால் எல்லா நேயரையும் ஒன்றாக வெட்டிவிடலாம், அதனால் அதைக் கூட்டிவையுங்கள். அப்புறம் வேர்க்கர் கனெக்ஷன், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பைத் தாங்கலாம் என்ற வரம்பு. ஒவ்வொரு நேயருக்கும் வெளியே ஒன்று, உள்ளே ஐஸ்காஸ்டுக்கு ஒன்று என இரண்டு இணைப்பு போகும், ஆகவே 500 நேயர் வேண்டும் என்றால் 1000க்கு மேல் வையுங்கள், ஃபைல் எண்ணிக்கை வரம்பையும் சேர்த்து உயர்த்துங்கள்.

ஒரு பக்க விளைவு: ஐஸ்காஸ்டின் பதிவில் எல்லா நேயரும் 127.0.0.1 (அந்தச் சேர்வர் தன்னைத்தானே குறிக்கிற முகவரி) என்ற ஒரே முகவரியிலிருந்து வந்தவர்களாகத் தெரிவார்கள். எந்த நாட்டில் எத்தனை பேர் என்று பார்க்கிறவர்கள் இனி என்ஜின்எக்ஸின் பதிவைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் நேயர் விலகிய பிறகுதான் வரி விழும்.

என்ஜின்எக்ஸ் இல்லாமல் ஐஸ்காஸ்டிலேயே எச்டிடிபிஎஸ் போட முடியாதா?

முடியும். ஐஸ்காஸ்ட் 2.4இல் கேட்கும் சொக்கெட் பகுதியில் எச்டிடிபிஎஸ்ஸுக்கான எஸ்எஸ்எல் என்பதை 1 ஆக்கி, சேர்ட்டிஃபிகேட்டையும் அதன் திறப்பையும் (கீ) ஒரே ஃபைலில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து அந்தப் பாதையைக் கொடுத்தால் சரி. நீங்கள் நிறுவிய ஐஸ்காஸ்ட் எஸ்எஸ்எல் சேர்த்துக் கட்டப்பட்டதா என்று மட்டும் முதலில் பாருங்கள், எல்லா நிறுவல் பொதியும் அப்படி இல்லை. லினக்ஸில் 1024க்குக் கீழான போர்ட்டைச் சாதாரண பயனர் திறக்க முடியாது, அதற்கும் அனுமதி கொடுக்க வேண்டும். வானொலிக்கென்றே தனிச் சேர்வர் இருந்தால் இது நல்ல வழி, ஐஸ்காஸ்ட் செய்கிறவர்களும் முன்னால் இன்னொன்றை வைப்பதை அவ்வளவு விரும்புவதில்லை.

ஆனாலும் சின்ன வானொலிகளுக்கு என் விருப்பம் என்ஜின்எக்ஸ்தான். சேர்ட்டிஃபிகேட் புதுப்பித்த பிறகு அதை ரீலோட் செய்தால் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறவர் அறுபட மாட்டார், பழைய வேர்க்கர் அவரைத் தாங்கிக்கொண்டே இருக்கும், புதிதாக வருகிறவருக்கு மட்டும் புதுச் சேர்ட்டிஃபிகேட் போகும். ஐஸ்காஸ்டை மறுதொடக்கம் செய்தால் எல்லாரும் விழுந்து எழும்ப வேண்டும்.

நாங்கள் பழைய ஷவுட்காஸ்ட் வைத்திருக்கிறோம். அதையும் இப்படி 443க்குக் கொண்டுவரலாமா?

ஷவுட்காஸ்ட் 1 என்றால் வேண்டாம், மாறிவிடுங்கள். அது பதிலைத் தொடங்கும்போது வழமையான எச்டிடிபி தலைப்பு அனுப்பாமல் "ஐசிஒய் 200 ஓகே" என்று அனுப்பும். பழைய வினேம்புக்கு அது விளங்கும், ப்ரொக்சிக்கும் புதிய பிரவுசருக்கும் விளங்காது. கடுமையான நெட்வேர்க்கில் அது போர்ட் சரியாக இருந்தாலும் விழும். ஷவுட்காஸ்ட் 2 அல்லது ஐஸ்காஸ்டுக்குப் போங்கள். ஸ்டூடியோவில் இருக்கிற மிக்சரோ மைக்கோ எதுவும் மாறாது, ஒலியைச் சேர்வருக்கு அனுப்புகிற என்கோடரில் முகவரியும் கடவுச்சொல்லும் மட்டும்தான் மாறும்.

அசுராகாஸ்ட் என்கிற வானொலி நிர்வாக மென்பொருள் பாவிக்கிறோம்.

அப்போ வேலை சுலபம். நிர்வாகப் பக்கத்தில் வானொலிக்கும் வெப் ப்ரொக்சி பாவிக்கச் சொல்கிற தெரிவு இருக்கிறது, அதை ஒன் ஆக்கினால் ஒலி 443 வழியாகவே போகும், முகவரியில் 8000 மறைந்துவிடும். லெட்ஸ் என்கிரிப்டும் உள்ளேயே இருக்கிறது. பொதுப் பக்கத்தில் வருகிற முகவரியை மறுபடி பிரதி எடுத்து உங்கள் தளத்திலும் ஃபேஸ்புக்கிலும் மாற்றிவிடுங்கள்.

443, எச்டிடிபிஎஸ் எல்லாம் செய்தாயிற்று. இன்னும் ஒரு சிலருக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது.

லொக்கில் மூன்றாவது வகை என்று சொன்னேனே, அநேகமாக அவர்கள்தான் மிஞ்சியிருப்பார்கள். சில கம்பனிகள் எச்டிடிபிஎஸ் போக்குவரத்தையும் தங்கள் சொந்தச் சேர்ட்டிஃபிகேட்டைப் போட்டுத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடும். அங்கே மறுபடியும் அந்த முடிவில்லாத ஃபைல் பிரச்சினை வந்துவிடும்.

இதற்கு மருந்து எச்எல்எஸ். அப்பிள் 2009இல் கொண்டுவந்த முறை, 2017இல் ஆர்எஃப்சி 8216 ஆகவும் வெளிவந்தது. ஒலியை முடிவில்லாத ஒரே இணைப்பாக அனுப்பாமல், சில விநாடிக்கு ஒன்றாகச் சின்ன ஃபைல்களாக வெட்டி வைத்து, இப்போது எந்தெந்தத் துண்டு இருக்கிறது என்று சொல்கிற ஒரு பட்டியல் ஃபைலையும் பக்கத்தில் வைக்கும். பிளேயர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தைத்துக்கொள்ளும். அப்பிள் பரிந்துரைக்கிற அளவு ஒரு துண்டுக்கு 6 விநாடி. 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) என்றால் ஒரு துண்டு 50 கிலோபைட் அளவில் இருக்கும், ஒரு சின்னப் படத்தின் அளவு. ப்ரொக்சி அதை முழுதாக வாங்கும், பார்க்கும், கொடுக்கும். பிடித்து வைக்க எதுவும் இல்லை. ஃபயர்வோலுக்கு இது ஒருவர் இணையப் பக்கம் பார்க்கிற மாதிரித்தான் தெரியும்.

விலை என்னவென்றால் தாமதம். பிளேயர் இரண்டு மூன்று துண்டை முன்னால் சேர்த்துக்கொண்டுதான் பேசத் தொடங்கும், ஆகவே நேயர் 20, 30 விநாடி பிந்திக் கேட்பார். கூத்துக்கும் பயானுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. நேயர் தொலைபேசியில் வந்து கதைக்கிற நிகழ்ச்சிக்கு மட்டும், வானொலிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

லிக்விட்சோப், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள்கள் எச்எல்எஸ் செய்யும், அசுராகாஸ்டிலும் தெரிவு இருக்கிறது. ஐபோன் சஃபாரி தானாகவே இதை வாசிக்கும். தானாக வாசிக்காத பிரவுசர்களுக்கு எச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற நிரல் நூலகத்தைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும், அப்படிச் சேர்த்தால் ஒலி வருகிற பெயரும் தளத்தின் பெயரும் வேறு என்பதால் ஒரு பெயரில் இருக்கிற பக்கம் இன்னொரு பெயரிலிருந்து எடுக்கலாம் என்று சொல்கிற சிஓஆர்எஸ் அனுமதித் தலைப்பையும் சேர்வரில் கொடுக்க மறக்காதீர்கள். சேர்வரில் சரியாக இருந்தும் பிரவுசரில் மட்டும் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பட்டியல் ஃபைல் எங்கேயும் கேஷ் ஆகாமலும் பாருங்கள், பழைய பட்டியலைப் பார்க்கிற பிளேயர் இல்லாத துண்டைக் கேட்டு நின்றுவிடும்.

என் யோசனை, இரண்டையும் வையுங்கள். பிளேயர் முதலில் சாதாரண ஸ்ட்ரீமைத் தொடட்டும், பத்து விநாடிக்குள் சத்தம் வராவிட்டால் தானே எச்எல்எஸ்க்கு மாறட்டும். நேயர் எந்த முகவரி, எந்தப் போர்ட் என்று எதையும் தெரிவு செய்ய வேண்டிய நிலைக்கு வரக்கூடாது. பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்துவிட்டு வந்து பாட்டுக் கேட்க உட்காருகிறவரிடம் "இணைப்பு 1, இணைப்பு 2, இணைப்பு 3" என்று பட்டன்களை வரிசையாக வைத்துக் கொடுப்பது சரியில்லை.

எத்தனை கேபிபிஎஸ் வைப்பது?

கதை, செய்தி, பயான் என்றால் எச்இ-ஏஏசி என்ற ஒலி வடிவத்தில் 32 போதும், பாட்டுக்கு 64. எம்பி3 128 வைத்திருக்கிறவர்கள் மணித்தியாலத்துக்கு ஒரு நேயருக்கு 57.6 மெகாபைட் செலவழிக்கிறார்கள், 64 என்றால் 28.8, 32 என்றால் 14.4. காம்பில் ஒரே வைஃபையை நூறு பேர் பகிர்கிற இடத்தில் குறைந்த பிட்ரேட்தான் அறுபடாமல் ஓடும். அதிக டேட்டா இழுக்கிற ஆட்களைத் தேடி வெட்டுகிற நெட்வேர்க்கில் 32இல் ஓடுகிறது யாருடைய கண்ணிலும் படாது.

திருவிழா நாளில் மட்டும் புதிதாக வருகிறவர்களுக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் ஃபயர்வோல் மாறுமா?

இல்லை, அது உங்கள் சேர்வர் நிரம்பியிருக்கிறது. ஐஸ்காஸ்ட் நிறுவினவுடன் வருகிற அமைப்பில் கிளையண்ட் வரம்பு 100. நூறு பேர் நிரம்பினால் அடுத்தவரைத் திருப்பி அனுப்பும், அவருக்கு அது ஃபயர்வோல் தடை மாதிரித்தான் தெரியும். வரம்பை உயர்த்துங்கள், ஆனால் உங்கள் சேர்வரின் வெளியேறும் வேகம் தாங்குமா என்று கணக்குப் பாருங்கள்: 200 பேர், 64 கேபிபிஎஸ் என்றால் தொடர்ந்து 12.8 எம்பிபிஎஸ். மூன்று மணித்தியாலம் போனால் 17 ஜிகாபைட்.

வீட்டிலேயே கணினியை வைத்து நேரடியாக நேயருக்குக் கொடுக்க முடியாதா? வாடகைச் சேர்வர் எதற்கு?

ஊரில் 4ஜி ரவுட்டரில் இருக்கிறவர்களில் நிறையப் பேருக்குத் தனிப் பொது ஐபி இருக்காது. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து இணைய முகவரியைப் பாருங்கள், 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்கிற அமைப்புக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அங்கே ரவுட்டரில் போர்ட் திறந்து பிரயோசனம் இல்லை, வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. இருந்தாலும் உங்களிடமிருந்து வெளியே போகலாம். அதுதான் வாடகைச் சேர்வரின் வேலை. கல்லடியில் இருந்தாலும் அக்கரைப்பற்றில் இருந்தாலும் பட், மிக்ஸ் போன்ற மென்பொருளில் இருந்து ஒரே ஒரு ஸ்ட்ரீமைச் சேர்வருக்குத் தள்ளினால் போதும், அங்கிருந்து எல்லாருக்கும் பிரியும். வீட்டிலிருந்து 64 கேபிபிஎஸ் மட்டும்தான் வெளியே போகும்.

கோயில் வீதியில் இருந்து அனுப்புகிறீர்கள், பக்கத்துப் பாடசாலையோ அலுவலகமோ இரவல் வைஃபை தருகிறது என்றால் அதே ஃபயர்வோல் உங்களையும் மறிக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். என்கோடரும் 8000க்குத்தான் தள்ளுகிறது. அன்றைக்குப் போன் டேட்டாவை நம்புங்கள், முதல் நாளே அந்த இடத்தில் நின்று பரீட்சித்துப் பாருங்கள்.

தளத்துக்கு முன்னால் நின்று போக்குவரத்தைக் கைமாற்றுகிற கிளவுட்ஃபிளேர் சேவைக்குப் பின்னால் வைத்தால் போதாதா?

அதன் வழியாக 8000 போகாது, அவர்கள் விடுகிற போர்ட்டுகள் சிலதான், 443 அதில் ஒன்று. முதலில் என்ஜின்எக்ஸ் வேலையை முடிக்காமல் அங்கே போய்ப் பலன் இல்லை. இலவசத் திட்டத்தில் பெரிய அளவு ஊடகம் அனுப்புவதற்கான நிபந்தனைகளையும் வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். தளத்துக்கு அதைப் பாவித்து, வானொலி உபபெயரை மட்டும் நேரடியாக உங்கள் சேர்வருக்கு விடுவது பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

நேயருக்கு விபிஎன் பாவிக்கச் சொல்லிக் கொடுக்கலாமா?

நான் சொல்லிக் கொடுப்பதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். கம்பனி வைஃபையில் விபிஎன் போட்டுப் பிடிபட்டால் வேலை போகிறது அவருக்கு, எங்களுக்கு அல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ விபிஎன் பாவித்தால் கடுமையான தண்டம் விதிக்கச் சட்டமே இருக்கிறது. கடன் வாங்கிப் போயிருக்கிற ஒரு பிள்ளையை ஒரு பாட்டுக்காக அந்த விளிம்பில் நிறுத்தக்கூடாது. அதேபோல், சேர்ட்டிஃபிகேட் எச்சரிக்கை வந்தால் "அதைத் தாண்டிப் போங்க" என்றும் சொல்லாதீர்கள், அந்தப் பழக்கம் நாளைக்கு அவருடைய வங்கிக் கணக்கில் போய் முடியும்.

இந்தப் பக்கத்தில் இருக்கிறதெல்லாம் எங்கள் சேர்வரை முறையான இடத்தில், முறையான வடிவத்தில் வைக்கிற வேலை மட்டும்தான். யாருடைய தடையையும் ஏமாற்றுவது இல்லை. நிர்வாகி வானொலி வேண்டாம் என்று முடிவெடுத்து மறித்திருந்தால் அது அவருடைய உரிமை, அந்த நேயருக்கு அறையில் போய்க் கேட்கிற வழிதான் இருக்கிறது.

வேண்டுமென்று மறிக்காமல், தவறுதலாக எங்கள் பெயர் பட்டியலில் விழுந்திருந்தால்?

அப்படியும் நடக்கும். எச்டிடிபிஎஸ் என்றாலும் நேயர் எந்தப் பெயருக்குப் போகிறார் என்பது ஃபயர்வோலுக்குத் தெரியும், சொந்தச் சேர்ட்டிஃபிகேட் போட்டுத் திறந்து பார்க்காவிட்டால் உள்ளே என்ன போகிறது என்பதுதான் தெரியாது. பெயரை வைத்து வகைப்படுத்துகிற சேவைகள் புதிதாகப் பதிந்த பெயர்களையும், இலவச டைனமிக் டிஎன்எஸ் பெயர்களையும், பெயரே இல்லாமல் வெறும் ஐபி எண்ணில் இருக்கிற முகவரிகளையும் சந்தேகமாகத்தான் பார்க்கும். சொந்தப் பெயர் ஒன்று வாங்கி, அதில் ஒரு ஒழுங்கான முகப்புப் பக்கம் வைத்து, யார் நடத்துகிறார்கள், எந்த ஊர், எப்படித் தொடர்பு கொள்வது என்று எழுதிவையுங்கள். பெரிய வடிகட்டல் சேவைகளிடம் "இந்தப் பெயரை மறுபடி வகைப்படுத்துங்கள்" என்று கேட்கிற படிவம் இருக்கும், அதை நீங்களே நிரப்பலாம். நேயர் தன் நிர்வாகியிடம் கேட்க விரும்பினால் அவருக்கு ஒரு சின்ன ஆங்கிலக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: வானொலியின் பெயர், முகவரி, 443 மட்டும் போதும், ஒருவருக்கு 32 கேபிபிஎஸ்தான் போகும். நிர்வாகிக்குப் பயம் போக்குவரத்து அளவில்தான், அந்தக் கடைசி எண்ணைக் கண்டால் பலர் மனம் இளகுவார்கள்.

கேட்கிறது, ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா அறுந்துவிடுகிறது.

ஐஸ்காஸ்ட் லொக்கின் கடைசி எண்களைப் பாருங்கள். 1800, 1800, 1800 என்று வட்டமான எண் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே நீண்ட இணைப்புகளை வெட்டுகிற விதி இருக்கிறது, கண்டபடி எண் வந்தால் வைஃபை பலவீனம். இரண்டுக்கும் பிளேயர் தானே மறுபடி தொடுக்க வேண்டும். பிரவுசர் பிளேயர் அறுந்தால் பேசாமல் நின்றுவிடும், அதனால் பிழை, தேக்கம், முடிவு மூன்று நிகழ்வையும் பிடித்து இரண்டு மூன்று விநாடி விட்டு மறுபடி கூப்பிடுகிற சில வரி நிரலைச் சேர்க்கச் சொல்லுங்கள். உடனே உடனே கூப்பிட வேண்டாம், இருநூறு பிளேயர் ஒன்றாக அடித்தால் சேர்வர் திணறும்.

நேரடியாகக் கேட்கவே முடியாதவருக்கு வேறு வழி?

நிகழ்ச்சியைப் பதிவு செய்து சாதாரண எம்பி3 ஆகத் தளத்தில் போடுங்கள், ஆர்எஸ்எஸ் கொடுத்தால் பொட்காஸ்ட் ஆகவும் வரும். முடிவுள்ள ஃபைல் என்பதால் ப்ரொக்சிக்குப் பிரச்சினை இல்லை. கட்டாருக்கும் எங்களுக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம், சுவிஸுக்கு மூன்றரை அல்லது நாலரை, ஆகவே நேரடி நேரத்தில் வேலையில் இருக்கிறவர்களுக்கும் இது தேவைதான். மரண அறிவித்தலை மட்டும் எழுத்திலும் போடுங்கள். ஒலி வராத இடத்திலும் எழுத்து போய்ச் சேரும்.

புது முகவரிக்கு மாறிவிட்டோம். பழைய 8000 முகவரியை மூடிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பழைய முகவரி எத்தனையோ இடத்தில் கிடக்கும்: வானொலிப் பட்டியல் தளங்கள், யாரோ செய்த ஆப், வீட்டில் அம்மாவுக்கு மகன் சேமித்துக் கொடுத்துவிட்டுப் போன வைஃபை வானொலிப் பெட்டி. அந்தப் பெட்டிகளில் சில எச்டிடிபிஎஸ் பேசவே தெரியாதவை, திசைதிருப்பிவிட்டாலும் பின்தொடராது. 8000ஐத் திறந்தபடியே வைத்து, 443ஐ மட்டும் எல்லா இடத்திலும் விளம்பரம் செய்யுங்கள். பிளேயருக்கு முகவரி சொல்கிற எம்3யு ஃபைல் ஒன்றை ஐஸ்காஸ்ட் தானாகச் செய்து கொடுக்கும், அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள், அதற்குள் 8000 என்றே எழுதியிருக்கலாம். அதைக் கொடுக்காமல், புது முகவரி ஒரு வரியை எழுதிய சொந்த எம்3யு ஃபைல் ஒன்றைத் தளத்தில் வையுங்கள். பிறகு மாதத்துக்கு ஒருக்கா லொக்கில் 8000க்கு நேரடியாக யார் வருகிறார்கள் என்று பாருங்கள், 127.0.0.1 அல்லாத முகவரிகள் எல்லாம் அவர்கள்தான். அவர்கள் எந்தப் பிளேயரில் வருகிறார்கள் என்பதும் அதே வரியில் இருக்கும், கேட்டு விசாரித்து மாற்றிக் கொடுத்துவிட்டு மூடலாம்.